சத்யபிரியா எழுதினால் பலிக்கும்

"எங்கள் திட்டத்தில் இடைஞ்சல் எதுவும் இல்லை" என்று சத்யபிரியா ஒரே வரியில் எழுதியிருந்த பக்கத்தை, பழனிக்குமார் சார் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏன் சார்? நெசமாவே இல்ல சார். நாலு பேரும் ஒழுங்கா வேலை பாக்குறவங்க. எட்டு வாரத்துக்கும் தேதி போட்டாச்சு."

"இடைஞ்சல் இல்லாத பிராஜெக்ட்ட நான் இதுவரைக்கும் பாத்ததில்லம்மா. ரிஸ்க் ரெஜிஸ்டர், அதான் இடைஞ்சல் பட்டியல், அதுல பத்து இடைஞ்சலாவது இருக்கணும். யாருக்கு வரும், எந்த வாரம் வரும், வந்தா அந்த வேலைய யாரு பாப்பாங்க. மூணும் இருந்தாத்தான் என் கையெழுத்து."

திண்டுக்கல் கல்லூரியில் எம்.சி.ஏ. கடைசி வருடம் படிக்கிறாள் சத்யபிரியா. வீடு அகரத்தில். மென்பொருள் திட்டமிடலும் மேலாண்மையும் என்பது பாடத்தின் பெயர். மற்ற பிள்ளைகள் அந்தப் பாடத்தைக் கண்டால் கொட்டாவி விடுவார்கள். இவளுக்கு அது கற்கண்டு. சித்தி மகனின் காதுகுத்துக்கே கட்டம் போட்டு, கோடு இழுத்து, பந்தல்காரர் இத்தனை மணிக்கு, ஆசாரி இத்தனை மணிக்கு என்று அட்டவணை தயாரித்தவள். ஆசாரி சொன்ன நிமிடத்துக்கு வந்துவிட்டார். மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன்தான் ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அதற்கும் அவள் கலங்கவில்லை. அடுத்த காதுகுத்துக்குத் தாய்மாமன் வீட்டுக்கு முதல் நாளே ஆள் அனுப்ப வேண்டும் என்று குறித்துக்கொண்டாள்.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் போகுமா? கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று, திட்டம் போடுகிற பிரிவிலேயே வேலைக்கு உத்தரவு அனுப்பியிருந்தது. ஜூனில் சேர வேண்டும். இந்தக் கடைசிப் பாடத்திலும் தேறியிருக்க வேண்டும். சம்மதக் கடிதத்தில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

அதனால் அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தாள். அம்மா ஜக்கம்மாள் பக்கத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னத்தடி எழுதுற?"

"எங்க குரூப்ல யாருக்கு என்ன கெட்டது வரும்னு எழுதணும்மா."

ஜக்கம்மாளின் கை நின்றுவிட்டது. "பேரோடயா?"

"பேரு, வாரம் எல்லாம்."

"நல்லா இருக்குடி ஒங்க படிப்பு. நல்ல காரியத்துக்குக் கெளம்புறவன எங்க போறேன்னு கேட்டாலே ஆகாதுங்குது ஊரு. நீ காய்ச்சல் வரும், கழிச்சல் வரும்னு எழுதுறியாக்கும்."

"இது கணிப்பும்மா. மழை வரும்னு கொடை எடுத்துட்டுப் போறதில்லையா?"

"கொடை எடுத்துட்டுப் போனா மழை வராது. அது வேற."

சத்யபிரியா எழுதினாள். இரண்டாம் வாரம் ஸ்டீபன்ராஜுக்குக் காய்ச்சல் வரலாம். மாற்று ஏற்பாடு: சத்யபிரியா அவன் வேலையைச் செய்வாள். மூன்றாம் வாரம் பவித்ராவின் லேப்டாப் பழுதாகலாம். மாற்று ஏற்பாடு: சத்யபிரியா. ஐந்தாம் வாரம் நூர் அகமதுவுக்கு வலது கை சுளுக்கலாம். மாற்று ஏற்பாடு: சத்யபிரியா. இப்படியே ஒன்பது. பத்தாவதாக, சத்யபிரியாவுக்கு உடம்பு முடியாமல் போகலாம் என்று எழுதி, மாற்று ஏற்பாட்டுக்குச் செத்த நேரம் யோசித்தாள். பிறகு, "இதற்கு வாய்ப்பில்லை" என்று போட்டு முடித்தாள்.

சார் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் கேன்டீனில் ஆளுக்கொரு நகல் கொடுத்தாள்.

அவர்கள் செய்யப்போவது, அகரத்து விவசாயிகள் உழவு டிராக்டருக்கு போனிலேயே முறை போட்டுக்கொள்ளும் செயலி. அதற்கு நிரல் எழுதுவது ஸ்டீபன்ராஜ். திரையில் தெரிவதை வரைவது பவித்ரா. ஓட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது நூர் அகமது. மூன்று பேரும் எந்தத் தாளையும் இரண்டாவது வரிக்கு மேல் படிக்காதவர்கள். இந்தத் தாளை மட்டும் வடை ஆறிப்போகிற வரைக்கும் படித்தார்கள்.

"இது சார் கையெழுத்துப் போட்டதா சத்யா?" என்று கேட்டான் ஸ்டீபன்ராஜ்.

"பின்ன? கீழ பாரு."

"எனக்கு மூணாவது வாரம் வேணாம்டி," என்றாள் பவித்ரா. "மூணு ராசியில்லாத நம்பரு. நாலாவது வாரமாப் போடேன்."

அம்மா மாதிரியே இவளும் பயப்படுகிறாளே என்று சிரித்துக்கொண்டு, சத்யபிரியா நான்காம் வாரமாக மாற்றிக் கொடுத்தாள்.

இரண்டாம் வாரம், திங்கட்கிழமை காலை. அகரத்திலிருந்து பஸ் ஏறும்போதே ஸ்டீபன்ராஜிடமிருந்து செய்தி வந்தது. "சத்யா, காய்ச்சல். எந்திரிக்கவே முடியல."

சத்யபிரியாவுக்கு முதலில் வந்தது, சொன்னால் வெட்கம், பெருமைதான். எழுதியது எழுதியபடி நடக்கிறதே. அவன் பங்கை அவள் செய்து முடித்தாள். பழனிக்குமார் சார் வகுப்பில் அவளை எழுந்து நிற்கச் சொன்னார்.

"பாத்துக்கங்க. வாரத்தக் கூட சரியாச் சொல்லியிருக்கா. இவதான் மேனேஜர்."

நான்காம் வாரம் பவித்ராவின் லேப்டாப் ஆன் ஆகவில்லை. அவள் பங்கையும் சத்யபிரியா செய்தாள். ஐந்தாம் வாரம் நூர் அகமது போன் செய்தான்.

"பைக்ல வழுக்கிட்டேன் சத்யா. கை சுளுக்கிருச்சு."

"எந்தக் கைடா?"

அந்தப் பக்கம் தாள் சரசரக்கிற சத்தம் கேட்டது. "வலது கை."

காய்ச்சல் யாருக்கும் வரும். லேப்டாப் யாருடையதும் கெடும். வலது கை என்று எழுதினால் வலது கையே சுளுக்குமா?

வீட்டுக்கு வந்து சொன்னாள். ஜக்கம்மாள் டார்ச்சை எடுத்து வந்தாள்.

"நாக்க நீட்டு."

"அம்மா."

"நீட்டுடி."

நீட்டினாள். நாக்கின் நடுவில் கறுப்பாக ஒரு திட்டு. ஜக்கம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "கருநாக்கு. எங்க அத்தைக்கு இருந்துச்சு. அவ நல்லாருக்குன்னு சொன்ன மாடு மறுநாளு பாலு கறக்காது."

வாய் கொப்பளித்த பிறகு திட்டு போய்விட்டது. பஸ்ஸில் தின்றுகொண்டு வந்த பன்னீர் திராட்சையின் சாயம் அது. ஆனால் அதற்குள் பக்கத்து வீட்டுச் சிவனம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். சாயங்காலமே கிண்ணத்தில் கொஞ்சம் கறிக்குழம்போடு திரும்பி வந்தாள்.

"சத்யா, ஆத்தா, எஞ் சம்பந்தியம்மா அடுத்த வாரம் வந்து பத்து நாளு தங்கப் போறாளாம். அவளுக்கு ஒரு சளிக் காய்ச்சல் எழுதிப்புடேன். பெருசா வேணாம். பஸ் ஏற முடியாத அளவுக்கு இருந்தாப் போதும்."

மறுநாள் சாரிடம் போய் நின்றாள். "சார், அந்த ரெஜிஸ்டர அழிச்சிறவா?"

"கையெழுத்துப் போட்டத அழிக்கக் கூடாதும்மா. ஒண்ண எடுத்தா அந்த எடத்துல இன்னொண்ணு வைக்கணும்."

சரி, பெரிய நோயை எடுத்துவிட்டுச் சின்னதாக வைப்போம் என்று திட்டம் போட்டாள். மீதியிருந்த வயிற்றுக் கடுப்பு, அம்மை, மஞ்சள் காமாலை எல்லாவற்றையும் அடித்துவிட்டு, "ஆறு, ஏழாம் வாரங்களில் எவருக்கேனும் ஒருநாள் தலைவலி வரலாம்" என்று மாற்றினாள். பாவம், பிழைத்துப் போகட்டும்.

தலைவலி சின்ன நோய் அல்லவா, அதனால் அடிக்கடி வந்தது. திங்கள் ஸ்டீபன்ராஜுக்கு. செவ்வாய் பவித்ராவுக்கு. புதன் நூர் அகமதுவுக்கு. வியாழன் மறுபடியும் ஸ்டீபன்ராஜுக்கு. இரண்டு வாரமும் மூவரையும் ஒரே நாளில் கல்லூரியில் பார்க்கவே முடியவில்லை. நாலு பேர் வேலையையும் தனியாளாகச் செய்தாள் சத்யபிரியா. தூக்கம் கெட்டதைவிட மனசு கெட்டதுதான் அதிகம். யாராவது நெற்றியைத் தடவினாலே அவளுக்குக் கண் கலங்கிற்று.

"அந்தக் கோயமுத்தூர் வேலையில என்னடி பண்ணணும்?" என்று ஜக்கம்மாள் கேட்டாள்.

"இதேதாம்மா. இங்க நாலு பேரு. அங்க நாப்பது பேருக்கு எழுதணும்."

"நாப்பது குடும்பமா?" ஜக்கம்மாள் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "வேணாம்டி. சோத்துக்கு இல்லாமயா கெடக்கோம்."

சம்மதக் கடிதம் சாமி படத்துக்குப் பின்னால் போயிற்று. முப்பதாம் தேதிக்குள் அனுப்ப வேண்டியது. ஆசைப்பட்டுப் படித்த படிப்பு. ஆசைப்பட்ட வேலை. சத்யபிரியா ஒருநாள் முழுக்கப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தாள்.

இரண்டாம் நாள் பளிச்சென்று எழுந்து உட்கார்ந்தாள். அவள்தான் எதற்கும் அசையாதவள் ஆயிற்றே. எழுதினால் பலிக்கிறதா, பலிக்கட்டும். நல்லதாக எழுதிவிட்டால் போகிறது. திட்டத்துக்கு இடைஞ்சலாகவும் இருக்க வேண்டும், அவர்களுக்கு நல்லதாகவும் இருக்க வேண்டும். எட்டாம் வாரத்துக்கு இப்படி எழுதினாள். ஸ்டீபன்ராஜ் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போக நேரலாம். பவித்ராவைப் பெண் பார்க்க வரலாம். நூர் அகமதுவின் வீட்டில் குழந்தை பிறக்கலாம். மாற்று ஏற்பாடு, வழக்கம்போல.

நகலை வாங்கிப் படித்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ தெய்வம் சத்யா," என்றான் நூர் அகமது. தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

எட்டாம் வாரம் பிறந்தது. ஸ்டீபன்ராஜ் கடற்கரையில் நிற்கிற படம் ஸ்டேட்டஸில் வந்தது. பவித்ரா போன் செய்தாள். "பொண்ணு பாக்க வாராங்கடி. எப்ப முடியும்னு தெரியல, நாலு நாளு ஆகும்." நூர் அகமதுவின் அக்காவுக்கு ஆண் குழந்தை. அத்தனையும் ஒரே வாரத்தில். சத்யபிரியா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, நிரலையும் எழுதி, திரையையும் வரைந்து, பிழையையும் கண்டுபிடித்து, சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே செயலியை முடித்தாள். அகரத்தில் பதினேழு பேர் அதில் டிராக்டருக்கு முறை போட்டார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளிக் கல்லூரிப் பேராசிரியர் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இத்தனை இடைஞ்சல் வந்தும் ஒரு நாள் கூடத் தாமதம் இல்லையே. எப்படி?"

"எங்க லீடர் எழுதின ரெஜிஸ்டர்தான் சார்," என்றான் ஸ்டீபன்ராஜ். "அது மட்டும் இல்லேன்னா எங்க நெலைமைய நெனச்சுக்கூடப் பாக்க முடியல." மற்ற இருவரும் உருக்கமாகத் தலையாட்டினார்கள்.

நாலு பேருக்கும் முழு மதிப்பெண். கல்லூரி முழுக்கக் கைதட்டியது. கடிதம் மட்டும் சாமி படத்துக்குப் பின்னாலேயே இருந்தது. இருபத்தெட்டாம் தேதியும் ஆகிவிட்டது. நல்லது எழுதினால் நல்லதும் நடக்கிறது, சரி. ஆனால் முதலில் எழுதிய காய்ச்சலை என்ன செய்வது?

"ஒரு வழி இருக்குடி," என்றாள் ஜக்கம்மாள். மகளின் முகத்தைப் பார்க்க அவளுக்கும் பொறுக்கவில்லை. "மொத மொதல்ல ஒன் எழுத்துல விழுந்தது அந்த ஸ்டீபன் பயதான. அவனப் பெத்தவகிட்டப் போயி மன்னிப்புக் கேளு. பெத்தவ வாயால 'போகட்டும்'னு ஒரு வார்த்த வந்துட்டா தோஷம் கழிஞ்சிரும். அப்பறம் நீ கையெழுத்துப் போடு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து மல்லிகை நாலு முழமும் ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு, திண்டுக்கல்லில் ஸ்டீபன்ராஜ் வீட்டைத் தேடிப் போனாள் சத்யபிரியா. சர்ச் பூசைக்குப் போய் வந்த புடவையோடு அவன் அம்மா ஆனந்தமேரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் சத்யபிரியாவைக் கண்டதும் ஸ்டீபன்ராஜ் எழுந்து, "அம்மா, கறி வாங்கிட்டு வாரேன்," என்று பின்பக்கமாகப் போனான்.

"கறி அடுப்புல கொதிக்கிதுடா," என்று ஆனந்தமேரி சொன்னது அவன் காதில் விழவில்லை. "நீ யாரும்மா? உக்காரு."

"நான் ஸ்டீபன்கூடப் படிக்கிறேம்மா. சத்யபிரியா." அவள் உட்காரவில்லை. பூவையும் பழத்தையும் முன்னால் வைத்தாள். பஸ்ஸில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். "ஒங்க மகனுக்கு அன்னைக்கு எந்திரிக்க முடியாம காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுக்கு நாந்தாம்மா காரணம். அப்படி வரும்னு நான் முன்னாடியே எழுதி வச்சிட்டேன். வேணும்னு செய்யல. நீங்க 'போகட்டும்'னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா நான் நிம்மதியா வேலையில போயிச் சேந்துருவேன்."

ஆனந்தமேரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுந்து வந்து அவள் கன்னத்தை வழித்தாள்.

"காய்ச்சலா, அந்த வாரம் பூரா அவன் பழனியிலல்ல மேட்ச் ஆடிக்கிட்டுக் கெடந்தான், யாரு எந்த வாரம் என்ன சொல்லி லீவு போட்டாலும் அவங்க வேலைய நீயே பாத்துத் தாறேன்னு வாத்தியார் கையெழுத்தோட லிஸ்ட்டு அடிச்சுக் குடுத்த தங்கமான புள்ள நீதானா?"