இடம் நிரப்ப எழுதியது

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு நீங்கள் எல்லோரும் பென்சில் என்று கூப்பிடும் உங்கள் அண்ணன் மகள் பணிவுடன் எழுதுவது. நான் இங்கே மிகவும் நலம். உங்கள் நலமும், சித்தியின் முழங்கால் நலமும், அப்பாவின் கோபம் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அறிய ஆவல். படிப்பு நன்றாகப் போகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இந்த இடத்தில் நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நேராகக் கடைசி வரிக்குப் போயிருப்பீர்கள். எந்தக் கடிதமானாலும் மேலே நாலு வரி, கீழே ரெண்டு வரி, அவ்வளவுதான் உங்கள் வாசிப்பு. வக்கீல் நோட்டீஸையே அப்படிப் படித்துவிட்டு, "ரொம்ப மரியாதையா எழுதியிருக்காருப்பா" என்று சொன்ன ஆள் நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நடுவில் எதை எழுதினாலும் வீட்டுக்குப் போய்ச் சேராது. "படிப்பு கெட்டா நான் பொறுப்பு" என்று அப்பாவிடம் எனக்காகக் கையெழுத்துப் போடாத குறையாக நின்றவர் நீங்கள் என்பது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம், டிசைன் என்றால் என்ன என்று நம் வீட்டில் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான். நான் பதில் சொல்வதற்குள் உங்களுக்குப் போன் வந்துவிட்டது.

அந்தப் பதிலை இப்போது சொல்கிறேன். காலையில் ஒன்பது மணியிலிருந்து நாலு மணி வரை நான் புள்ளியியல் மாணவி. நாலரையிலிருந்து கல்லூரிக்குப் பின்தெருவில் இருக்கும் அச்சகத்துக்கு டிசைனர். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள அரை மணி நேரத்தில் நான் யார் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது, நல்லவேளையாக யாரும் கேட்பதில்லை. வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேர். அவர்களுக்கெல்லாம் நான் ஒரு ஆள் இல்லை, போஸ்டர் வருகிற இடம். "ஒரு சின்ன வேலைதான், அஞ்சு நிமிஷம்" என்று செய்தி வரும், முடித்து அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும், அதோடு உறவு முடிந்தது. போன மாதம் துறைச் சுவரில் மாட்ட எல்லோர் முகத்தையும் சேர்த்து ஒரு பெரிய படம் செய்து கொடுத்தேன். மாட்டி மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தேன், அதில் என் முகம் இல்லை. வைக்க மறந்துவிட்டேன். என்னைத் தவிர வேறு யாரும் கவனிக்கவும் இல்லை. எண்ணிப் பார்ப்பதையே படிப்பாக வைத்திருக்கும் துறை, சித்தப்பா.

இனி அசல் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் வாசகம் தருவதற்கு முன்பே வடிவத்தைக் காட்ட வேண்டியிருக்கும், அப்போது காலிக் கட்டத்தில் ஏதாவது எழுத்தை ஊற்றி நிரப்பி வைப்போம். அதற்கென்று ஒரு வெளிநாட்டு உளறல் வாசகம் இருக்கிறது, ஆனால் அதைப் போட்டால் தமிழின் கொம்பும் காலும் எங்கே இடிக்கும் என்று தெரியாது. அதனால் நான் முதலில் பாடக் குறிப்புகளைத் தட்டி நிரப்பினேன். வேலையும் ஆச்சு, படிப்பும் ஆச்சு. தையல்கடைக்காரர் ஒருவர் தன் விளம்பர மாதிரியில் இருந்த திட்டவிலக்கம் என்ற கணக்கின் விளக்கத்தை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "எழுத்து லட்சணமா இருக்கும்மா" என்றார். ஒருவரும் படிப்பதில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். குறிப்புகள் தீர்ந்துபோனதும் மனதில் இருப்பதைத் தட்ட ஆரம்பித்தேன். யாரிடமும் பேசாமலேயே ஒரு நாள் முழுக்கப் போய்விடும், சாயங்காலம் அந்தக் கட்டத்திலாவது ரெண்டு வார்த்தை பேசிக்கொள்வேன். அப்புறம் வாசகம் வரும், என்னுடையதை அழித்துவிடுவேன். அச்சகம் நடத்தும் அண்ணனும் படிக்க மாட்டார். அவர் தாளைக் கை நீளத்துக்குப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஓரம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

அப்படித்தான் பல் டாக்டரின் துண்டுப் பிரசுரம் வந்தது. மூன்று கட்டம். டாக்டர் இரண்டு கட்டத்துக்கு எழுதிக் கொடுத்தார், மூன்றாவதை நாளைக்குத் தருகிறேன் என்றவர் மறந்தார். எனக்கு அன்றைக்கு உள்தேர்வு. தேர்வு அறை வாசலில் நின்றபடியே, ஒரு கையில் ஹால் டிக்கெட்டும் மறு கையில் லேப்டாப்புமாக, மூன்றும் வந்துவிட்டது என்ற நினைப்பில் பைலை அனுப்பிவிட்டு உள்ளே ஓடினேன். அச்சக அண்ணன் ஓரத்தைப் பார்த்தார். டாக்டர் பல் படத்தையும் தன் போன் நம்பரையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டாயிரம் பிரதி. 'பல் வேர் சிகிச்சை' என்ற கொட்டை எழுத்துத் தலைப்புக்குக் கீழே, "இந்த ஊருக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. இதுவரை யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மதியம் படிக்கட்டில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறேன். யாராவது வந்தால் நகர்ந்து இடம் கொடுப்பேன்" என்று அச்சாகி, வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஜனங்கள் இதைத்தான் படித்திருக்கிறார்கள் சித்தப்பா! இந்த ஒன்றை மட்டும்! மறுநாள் பஸ் டிரைவர் ஒருவர் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, "டாக்டர், மதியம் எனக்கு ஷிப்ட் இல்ல, நான் வேணா வரட்டுமா?" என்று கேட்டாராம். ஒரு டீச்சர் பல்வலியே இல்லாமல் சாப்பாட்டு டப்பாவோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். டாக்டருக்கு மனைவி, மூன்று பிள்ளைகள், மாமனார், மாமியார், எல்லாம் ஒரே வீட்டில். அவர் தனியாக இருக்கும் ஒரே இடம் குளியலறை. அவர் மனைவி நோயாளிகள் முன்னாலேயே வந்து நின்று, "வீட்டுல நான் என்ன குறை வச்சேன்? எதுக்குப் படிக்கட்டுல போய் உக்காந்து சாப்பிடுற?" என்று அழுதாராம்.

டாக்டர் பிரசுரத்தோடு அச்சகத்துக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன், கையில் பைலோடு. "இதை எழுதினது யாருங்க?" என்று கேட்டார். அச்சக அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "கம்ப்யூட்டர் தப்பு சார்" என்றார். டாக்டர் தலையாட்டினார். திட்டப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, "வாயத் தெறங்கன்னாலே எதிரியப் பாக்குற மாதிரிதான் பாப்பாங்க. இப்ப அவங்களா வந்து, சாப்டீங்களான்னு கேக்குறாங்க. நல்லா இருக்குங்க. அது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, புது லெட்டர்பேடு ஒன்றும் வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு அழுகையாக வந்தது. எனக்கு வர வேண்டிய விசாரிப்பெல்லாம் முகவரி மாறி அவருக்குப் போயிருக்கிறது. என் படிக்கட்டில் நான் இன்றைக்கும் ஓரமாகத்தான் உட்கார்கிறேன், பக்கத்து இடம் காலியாகவே கிடக்கிறது.

அவர் போனதும் அண்ணன் பிடித்துக்கொண்டார். "படிப்புன்னா படி, வேலைன்னா செய். ரெண்டையும் ஒரே கையில புடிச்சா இப்படித்தான். இந்த லெட்டர்பேடு ஒழுங்கா வந்தா சனிக்கிழமை தோறும் முழு நாள் வேலை, ஜன்னலோர நாற்காலி உனக்கு, அச்சடிக்கிறதுல டிசைனர்னு உன் பேரும் போடுறேன். இதுலயும் சொந்தக் கதை வந்துச்சு, அப்படியே காலேஜுக்குப் போயிடு." பேர் என்ற வார்த்தை என் காதில் மட்டும் பெரிய எழுத்தில் விழுந்தது. வாடிக்கையாளர் கொடுக்காத ஒரு எழுத்தைக்கூட இனித் தட்டுவதில்லை என்று காகிதக் கட்டின் மேல் கை வைத்துச் சொன்னேன். அந்த நாற்காலி எனக்கு வேண்டும் சித்தப்பா. அதில் உட்கார்ந்தால் ஒரு நாளாவது யாராவது என்னைப் பேர் சொல்லி, "இத முடிச்சிட்டியா?" என்று கேட்பார்கள்.

வருகைப் பதிவு குறைந்திருப்பதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம். இது நடுப்பகுதி என்பதால் நீங்கள் எப்படியும் சொல்லப் போவதில்லை.

சித்திக்கு என் அன்பைச் சொல்லவும், அப்பாவுக்கு என் வணக்கத்தை அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லவும். உங்கள் ஆசி என்றும் வேண்டும். நான் மிகவும் நலம்.

இப்படிக்கு,
பென்சில்

பின்குறிப்பு: அச்சக அண்ணனுக்கு, டாக்டரின் புது லெட்டர்பேடு மாதிரி இதுதான். மேலே அவர் பெயரும் பல் படமும், கீழே நேரமும் போன் நம்பரும். நடுவில் இருப்பது, கடிதம் எழுதினால் தாள் எப்படி இருக்கும் என்று காட்ட இடம் நிரப்பியது மட்டுமே. சித்தப்பாவுக்கு நான் அனுப்பியது 'நலம்' என்று ஒரே வார்த்தை. நீங்கள் வழக்கம்போல் கையை நீட்டிப் பிடித்து ஓரத்தைப் பாருங்கள், நேராக இருக்கும். தப்பித்தவறிப் படித்துவிட்டால், நாற்காலியைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேளுங்கள் அண்ணே, உடனே எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன்.