ரெட்னோவின் முதல் மணப்பெண்

சோலோ நகரத்துத் துணிச் சந்தையில் சுகொண்டோவிடம் விலை பேசி ஜெயித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் செத்துப்போனார். மற்றவள் அவன் மனைவி ரெட்னோ.

அந்த ரெட்னோ திடீரென்று மணப்பெண் அலங்காரத் தொழிலில் இறங்கிவிட்டாள். பதினேழு வருஷமாகத் தினமும் ஆறு மணிக்குச் சுடச்சுடக் குழம்பு ஊற்றிய கை, இனி ஊரார் பெண்களுக்கு மை தீட்டப் போகிறதாம்! முதல் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை.

"என் சாப்பாடு?" என்றான் சுகொண்டோ.

"பானையில சோறு இருக்கும், மாஸ்." புருஷனை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

"தொட்டுக்க?"

"உப்பு."

மணப்பெண்ணின் நெற்றியில் கறுப்பு வளைவுகளை வரைகிறவள், அதற்கு முன் மூன்று நாள் வெறும் சோறும் தண்ணீரும்தான் சாப்பிட வேண்டும். விரதம் முறிந்தால் கோடு கோணிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. அந்த மூன்று நாளும் அடுப்பில் வேறெதுவும் ஏறாது என்று சொல்லிவிட்டாள்.

இதை இப்போதே ஒழிக்காவிட்டால் தன் நாக்கு அனாதையாகிவிடும் என்று சுகொண்டோ முடிவு கட்டினான். ரெட்னோ வெங்காயம் வதங்கும் வாசனைக்கே உருகுகிறவள். ஒரே ஒரு வாய் தின்ன வைத்தால் போதும். விரதம் போச்சு, தொழிலும் போச்சு!

வியாழக்கிழமை குச்சியில் குத்திச் சுட்ட ஆட்டுக்கறி சாத்தே இருபதோடு வந்தான்.

"என்ன மாஸ் இது?"

"ஒரு வாடிக்கைக்காரர் குடுத்தார். எனக்கு வேணாம். நீ பட்டினி கிடக்கறப்ப நான் மட்டும் கறி தின்னா நல்லாவா இருக்கும்? எனக்கும் வெறும் சோறே போடு."

ரெட்னோவின் கண் கலங்கிவிட்டது. அவனுக்கும் லேசாகக் கலங்கியது, கறி வாசனையில்.

தொழுகைக்குப் போய்த் திரும்பினால் தட்டு காலி! சிரிப்பை அடக்கிக்கொண்டு உப்புச்சோறு தின்றான். வெள்ளிக்கிழமை தேங்காய்ப்பாலில் வெந்த கோழி. சனிக்கிழமை முழு வாத்து. இரண்டு நாளும் எலும்புகூட மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோடு கோணுவதைப் பார்க்க முதல் வரிசையில் போய் உட்கார்ந்தான். மணப்பெண் வந்தாள். நெற்றியில் வளைவுகள் அச்சில் வார்த்த மாதிரி! பந்தலே வாயைப் பிளந்தது. அவனே ஒரு நிமிஷம் பெருமையில் பக்கத்திலிருந்தவரிடம் "என் பொண்டாட்டி வேலை" என்றான். மறுநிமிஷம் கோபம் ஏறியது. ரெட்னோவை ஓரமாக இழுத்தான்.

"மூணு நாளா முழுங்கிட்டு எப்படிடீ கை நடுங்கல?"

"நானா? ஒரு துண்டு தொட்டிருப்பேனா?"

"பின்ன அந்த வாத்து பறந்தா போச்சு?"

"நீங்க தொழுகைக்குப் போற நேரத்துலதான் கல்யாணத்துக்குப் பொண்ணு வச்சிருக்கற அம்மாங்க, நான் பழகறப்ப போட்ட அலங்காரத்தோட படம் பாக்க வந்தாங்க. புதுசா தொழில் தொடங்கறவ வெறும் தேத்தண்ணியா குடுக்கறது? நீங்க கொண்டாந்ததைப் பரிமாறினேன். ஆறு பேர் அங்கேயே என்னைப் பேசி முடிச்சிட்டாங்க, மாஸ்!"

"ஆறா!"

"அடுத்தது வர்ற வியாழன். நாளைக்கே விரதம்."

சுகொண்டோ பல்லைக் கடித்தான். போகட்டும், சந்தையில் சாப்பாட்டுக் கடைக்கா பஞ்சம்?

ரெட்னோ அவன் சட்டைக் காலரை ஆசையோடு நீவிவிட்டாள்.

"என்கூட சேர்ந்து நீங்களும் விரதம் இருக்கறதை எல்லார்கிட்டயும் பெருமையா சொன்னேன். அதுல மூணு அம்மாங்க உங்க சந்தையிலதான் சாப்பாட்டுக் கடை வச்சிருக்காங்களாம்."

மறுநாள் மதியம் சுகொண்டோ சந்தைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து கோழி கேட்டான். கடைக்காரி கையெடுத்துக் கும்பிட்டு, தன் மகளின் நெற்றிக்கோடு கோணாமலிருக்க, உப்புகூட இல்லாமல் சோறு வைத்தாள்.