பிளம் ஃபோர்க்கில் வெர்டா மே கைத்துப்பாக்கி கொண்ட படலம்

மிசூரி மலைச்சரிவுகளின் சரளைப்பாதைகளில் முப்பத்தோராண்டு மஞ்சட் பள்ளிப் பேருந்தைப் பனியென்றும் சேறென்றும் பாராமல் செலுத்திய சாரதித் திலகத்தை, தலைக்குமேல் தொங்கிய நீள்கண்ணாடியில் ஒரேயொரு பார்வை பார்த்தே கடைசி இருக்கைக் கலகங்களைச் சாம்பலாக்கிய நெற்றிக்கண்ணியை, அறுபத்தெட்டு வயது நிரம்பிய ஆற்றலரசியை, வெர்டா மே ஸ்டப்பிள்ஃபீல்ட் என்னும் நெடும்பெயர் தாங்கிய குறும்பெண்மணியை முதற்கண் வணங்குவோம். வணங்கிய கையோடு, அவள் ஏன் ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில், முழங்கால் தைலம் நாற்றிசையும் கமழ, கைப்பையை மார்போடு அணைத்துப் போர்க்கோலம் பூண்டாள் என்பதையும் சொல்லிவிடுவோம்.

கூப்பிடு தொலைவில் ஓர் ஆள் இல்லாத பாதைமுடிவில் இருந்தது அவள் வீடு. அங்கே ஒரே மாதத்தில் இருமுறை கொட்டகைப் பூட்டு உடைந்தது. முதல்முறை ஜெனரேட்டர் போயிற்று. இரண்டாம் முறை செப்புக் கம்பிச்சுருளும், அதனினும் கொடிதாக, அவள் ஆகஸ்டில் வேகவைத்துச் சாடிகளில் அடைத்த பீச் பழங்களும் போயின. மூன்றாம் முறை வந்தவன் எதையும் எடுக்கவில்லை. பின்கதவுக் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஷெரிஃபின் ஆள் முக்கால் மணி நேரம் கழித்து வந்து, காபி குடித்து, எழுதிக்கொண்டு போனார். மறைந்த கணவரின் நெடுந்துப்பாக்கி அலமாரியில் இருந்தது உண்மைதான். ஆனால் அறுவைக்குப்பின் நான்கு திருகாணிகளைத் தாங்கி நிற்கும் அவளது வலத்தோள் அதன் உதையை இன்னொருமுறை தாங்காது என்று மருத்துவர் கையெழுத்திட்டே கொடுத்திருந்தார்.

இவ்வாறிருக்க, ஸ்ப்ரிங்ஃபீல்ட் நகர்வாழ் ஒரே மகன் டேரல் தொலைபேசியில் ஓர் ஆணை பிறப்பித்தான்.

"அம்மா, ஒரு கைத்துப்பாக்கியாவது வாங்கி வை. இல்லன்னா நாளைக்கு சாப்பிட வர்றப்ப ட்ரெய்லரோட வர்றேன். கட்டில் பீரோவ ஏத்திக்கிட்டு ஒரேயடியா எங்ககூட வந்துரு."

எங்ககூட என்றால், வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒற்றைச் சன்னல் அறை. மருமகளின் மூன்று பூனைகளுக்கு ஏற்கெனவே பட்டா எழுதப்பட்ட அறை. வெர்டா மே தன் தோட்டத்தைப் பார்த்தாள், பூனைகளை நினைத்தாள், வண்டியைக் கிளப்பினாள்.

பிளம் ஃபோர்க் ஊரின் ஒரே ஆயுதசாலை, தூண்டிலும் புழுவும்கூட விற்கும் ஜோலீனின் கடை. குளிர்பெட்டியில் சோடாவுக்குப் பக்கத்திலேயே மண்புழு டப்பாக்கள் அடுக்கியிருக்கும், பார்த்து எடுக்கவேண்டும். அங்கே இலவசக் காபிக் குடுவையைச் சுற்றி, துப்பாக்கி வாங்க வராமல் துப்பாக்கி வாங்க வருபவர்க்கு உபதேசிக்கவே வரும் உத்தமர் இருவர் அன்றும் எழுந்தருளியிருந்தனர். ஒருவர் அவளது கொழுந்தன் ஆர்வில். பெரியது எதுவோ அதுவே நல்லது என்னும் ஒற்றை வேதம் ஓதியவர். மற்றவர் தேவாலயத்து டீக்கன் ஹாய்ட். பெண்களுக்குச் சின்னது என்னும் எதிர்வேதம் ஓதியவர். முந்நூற்றைம்பது டாலருக்குள், எடுத்தால் சுடுகிற, இழுத்தால் சிக்காத ஒன்று வேண்டும் என்று வெர்டா மே வாய் திறந்ததுதான் தாமதம், பருவமழைக்குக் காத்திருந்த தவளைகள்போல் இருவரும் தொடங்கிவிட்டனர்.

"அண்ணி, இங்க பாருங்க. நாப்பத்தஞ்சு காலிபர், பெரிய தோட்டா. அண்ணன் இருந்தா இதத்தான் வாங்கியிருப்பாரு."

"உங்கண்ணன் கார்கூட பெருசா வாங்கி, கொட்டகைக்குள்ள போகாம வெளியிலேயேதான் நிறுத்துனாரு. விலை என்ன தம்பி?"

விலை தொள்ளாயிரம். ஆர்வில் காபியைப் பார்த்தார்.

அடுத்து ஹாய்ட், பரிசுப்பொருள் நீட்டும் பாவனையில், உள்ளங்கையில் ஒளிந்துகொள்ளும் குட்டிப் பிஸ்டல் ஒன்றை எடுத்துவைக்கச் சொன்னார். ரோஜாநிறப் பிடி, மிட்டாய்ப் பெட்டிபோல் மினுமினுப்பு.

"சகோதரி வெர்டா, கைப்பையில வச்சா கனமே தெரியாது. பொம்பளைங்களுக்குன்னே செஞ்சது."

"ஹாய்ட்டு, இத நீ சுட்டுப் பாத்திருக்கியா?"

"என் சம்சாரம் வச்சிருக்கா."

"அவ சுட்டுப் பாத்தாளா?"

ஹாய்ட்டும் காபியைப் பார்த்தார். ஜோலீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு செவிக்கவசத்தையும் கண்ணாடியையும் எடுத்து நீட்டினாள். கல்லாவுக்கு அந்தப்பக்கம் நிற்கும் இந்த நாற்பது வயதுக்காரி, ஆறு வயதுமுதல் அந்தப் பேருந்தில் போனவள்.

"பின்னாடி மண்மேடு இருக்கு, வாங்க பஸ்ஸம்மா. சுட்டுப் பாத்துட்டு வாங்குங்க. பாக்க அழகா இருக்கறதெல்லாம் வீட்டுக்கு வந்தா குணம் மாறிடும்."

ஆகா, அந்தக் குறுங்கருவியின் கொடுங்கோன்மையை எவ்வாறு உரைப்பது! சிறியது மென்மையாய் இருக்கும் என்று அந்த ஊரே நம்பிக்கொண்டிருந்தது. எடையற்ற இரும்பு உதையைத் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் முழுவதையும் கைக்கே தாரைவார்க்கும் என்பதை அது ஒரே நொடியில் உணர்த்தியது. வெடித்த ஓசை பள்ளத்தாக்கில் உருண்டது. உள்ளங்கை தேள்கடி கண்டது. தோட்டாவோ இலக்குத்தாளை மதியாமல், மண்மேட்டையும் பொருட்படுத்தாமல், மேட்டோரம் நின்ற பழைய டயருக்குள் புகுந்து தவமிருக்கலாயிற்று. வெர்டா மே ரோஜாநிற ராட்சசியைப் பலகைமேல் மெல்ல வைத்தாள்; கையை உதறினாள்; ஹாய்ட்டைத் திரும்பிப் பார்த்தாள். முப்பதாண்டுகளுக்குமுன் இருக்கைக்கடியில் பபிள்கம் ஒட்டியதற்காக ஒரு கல்வியாண்டு முழுவதும் முன்னிருக்கையில் அமர்த்தப்பட்ட அந்த டீக்கன், யாரும் சொல்லாமலேயே இரண்டடி முன்னால் வந்து நின்றார்.

மூன்றாவதாக வந்தது விலையால் மயக்கும் மாயாவி. புத்தம்புதிது, நூற்றெண்பதே டாலர். முதல் தோட்டா முழங்கியது, இரண்டாவது முழங்கியது, மூன்றாவது வெற்றுக்கூடு வெளியேற மனமின்றி வாசலிலேயே குறுக்கே படுத்துக்கொண்டது. ஜோலீன் அதை விடுவித்தாள். ஐந்தாவதும் படுத்தது.

"திருடன்கிட்ட கொஞ்சம் இருப்பா, இத எடுத்துட்டு வர்றேன்னு சொல்லலாம் அண்ணி," என்றார் ஆர்வில்.

அப்போதுதான் ஜோலீன் அடித்தட்டிலிருந்து நான்காவதை எடுத்தாள். ஏதோ ஒரு நகரத்துக் காவலர் இடுப்பில் பத்தாண்டு இருந்து ஓய்வுபெற்ற ஒன்பது மில்லிமீட்டர், உறையில் உரசி உரசி ஓரமெல்லாம் வெளுத்தது, உள்ளே பழுதற்றது, நடுத்தர உருவம், கையில் கனமாய், நாணயமாய் உட்கார்ந்தது. விலை முந்நூற்றிருபது. வெர்டா மேயின் மனம் அதன்பால் சென்றது. ஆனால் அந்தக் கோட்டைக்கு ஒரு கதவு இருந்தது. தோட்டா ஏறவேண்டுமெனில் மேலிருக்கும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விடவேண்டும். அதனுள் சுருண்டிருந்ததோ அசையேன் என்று சபதமிட்ட எஃகு வில்.

இழுத்தாள். அசையவில்லை. திருகாணி நான்கும் தோளுக்குள் ஒன்றையொன்று நலம் விசாரிக்க மீண்டும் இழுத்தாள். ஓர் அங்குலம் நகர்ந்து, ஏளனமாய்த் திரும்பிப் போயிற்று. வியர்வை முத்துக்கோத்தது. தைலமணம் ஓங்கிற்று. ஆர்விலும் ஹாய்ட்டும் உதவிக்கு ஒரே நேரத்தில் கைநீட்டினர். நீட்டிய வேகத்திலேயே மடக்கினர், ஏனெனில் அந்த நீள்கண்ணாடிப் பார்வை மீண்டும் ஒருமுறை மலர்ந்திருந்தது. இதைத் திறக்க வேறொருவர் வேண்டுமெனில் இது இருந்தும் பயனில்லை, நாளை ட்ரெய்லர் வரும், கட்டில் ஏறும், பூனைகள் காலைச் சுற்றும். அவள் கண்ணோரம் நனைந்ததைப் பார்க்காததுபோல் எல்லோரும் நடித்தனர்.

"இழுக்காதீங்க பஸ்ஸம்மா," என்றாள் ஜோலீன், குழலை மண்மேட்டை நோக்கித் திருப்பிவிட்டபடி. "நெஞ்சுக்குப் பக்கத்துல கொண்டாங்க. மேல இருக்கறத இடது கையால கெட்டியாப் புடிச்சு அங்கேயே நிறுத்துங்க. வலது கையால பிடிய முன்னாடி தள்ளுங்க. அந்தப் பழைய பஸ்ஸுல கதவுக் கம்பிய எப்பிடித் தள்ளுவீங்க?"

"இடுப்பால."

"அவ்வளவுதான்."

வெர்டா மே கால்களை அகட்டினாள். தோள் இறங்கியது, இடுப்பு திரும்பியது, நாளொன்றுக்கு எண்பது முறை, ஆண்டுக்கு நூற்றெழுபது நாள், காற்றழுத்தக் கதவெல்லாம் வருமுன் வெறுங்கம்பியைத் தள்ளித் தள்ளி ஊர்ப்பிள்ளைகளை ஏற்றி இறக்கிய அந்தத் தள்ளல் எங்கிருந்தோ எழுந்து வந்தது. களக்! எஃகு வில் சரணடைந்தது. மறுபடியும் களக். இன்னொருமுறை, வேண்டுமென்றே, ஆர்வில் பக்கம் புருவத்தை மட்டும் திருப்பி, களக். பின்னர் இருபது தோட்டா சுட்டாள், ஒன்றும் சிக்கவில்லை, இலக்குத்தாளில் இருபதும் ஒரு சாப்பாட்டுத்தட்டின் பரப்புக்குள் அடங்கி அமர்ந்தன.

வெற்றிமுரசு அறையும் வேளையில்தான் விதி மத்திய அரசுப் படிவத்தின் உருவில் குறுக்கிட்டது. ஜோலீன் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்தாள், முகம் சுருங்கியது. சரளைப்பாதைவாசிகள் பலரும்போல் வெர்டா மேயும் கடிதம் வந்துசேரும் தபால்பெட்டி எண்ணையே உரிமத்தில் விலாசமாக எழுதிவைத்திருந்தாள். தபால்பெட்டிக்குள் மனிதர் வசிப்பதை அரசாங்கம் ஒப்புக்கொள்வதில்லை.

"வீட்டு விலாசம் போட்ட அரசாங்கக் காகிதம் ஒண்ணு வேணும் பஸ்ஸம்மா. சொத்துவரி ரசீது போதும்."

"அது சமையலறை டிராயர்ல இருக்கு."

"அஞ்சு மணிக்குக் கடைய மூடிருவேன். நாளைக்கு லீவு."

ஆர்வில் தொண்டையைச் செருமினார். "எதுக்கு அலைச்சல்? என் பேர்ல நான் வாங்கி அண்ணிக்குக் கொடுத்துட்டா..."

"மாமா, அந்த வாக்கியத்த முடிச்சீங்கன்னா உங்க ரெண்டு பேருக்கும் இன்னைக்கு நான் எதுவும் விக்க முடியாது. அது ஜெயில் சமாச்சாரம். காபி குடிங்க."

ஆர்வில் முன்னெப்போதும் குடித்திராத வேகத்தில் குடித்தார். மணி மூன்றேமுக்கால். வீடு இருபத்திரண்டு மைல்.

பின்னர் நிகழ்ந்ததை அந்நெடுஞ்சாலையின் பசுக்கள் மட்டுமே முழுமையாய்க் கண்டன. புழுதி முகிலெனத் திரண்டது, பாலங்கள் நடுங்கின, வளைவுகள் தாமே நிமிர்ந்து வழிவிட்டன, அவளோ அந்த அவசரத்திலும் ஒவ்வொரு ரயில்பாதைக் குறுக்கிலும் முழுதாய் நிறுத்தி, சன்னலை இறக்கி, காதுகொடுத்துக் கேட்டு, இருபுறமும் பார்த்தே கடந்தாள். முப்பத்தோராண்டுப் பழக்கம் சனிக்கிழமைக்காக மாறுவதில்லை. டிராயரில் ரப்பர்வளையக் காட்டையும் செத்த பேட்டரி மயானத்தையும் பழைய கூப்பன் அடுக்குகளையும் ஊடறுத்து, அடியாழத்தில் ஒளிந்திருந்த வரி ரசீதைக் காதைப் பிடித்து இழுத்து வந்தாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு ஜோலீனின் கதவுமணி ஒலித்தது. படிவம் நிறைந்தது, பின்புலச் சோதனைக்குத் தகவல் பறந்தது, மும்மூர்த்திகளாய் மூவர் மூச்சையடக்கி நிற்க, நான்கு நிமிடத்தில் "கொடுக்கலாம்" என்று விடை வந்தது. அண்டங்கள் அதிர்ந்தனவோ, குளிர்பெட்டிப் புழுக்கள் ஒருகணம் நெளிவதை நிறுத்தினவோ, யாரறிவார்? பூட்டுவைத்த இரும்புப் பெட்டியொன்றைக் கொசுறாகப் பெற்று, ஒரு பேரரசைக் கைக்கொண்ட பெருமிதத்தோடு, அந்த வெல்லற்கரிய வீரமங்கை மாலைச் செவ்வானம் பின்னே கொடிபிடித்து வர, தன் சரளைப்பாதைக்கு, தன் பின்கதவுக்கு, தன் பீச் மரத்துக்கு மீண்டாள்.

மறுநாள் டேரல் ட்ரெய்லர் இல்லாமல் வந்து, பொரித்த கோழியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு, நாலு மணிக்குக் கிளம்பிப் போனான்.