பதினெட்டுக் குழி ஆட்டம்

இந்தக் கையால் இனிமேல் மண்வெட்டியைத் தொடுவதில்லை என்று சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சபதம் எடுத்தேன். இனிமேல் என்பது ஒரு பேச்சுக்கு. அதற்கு முன்னாலும் தொட்டதில்லை.

என் பெயர் பாலசுந்தரம். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவன். ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஊரார் வண்டிகளை அசாம் வரைக்கும் அனுப்பிவைத்தேன். நான் மட்டும் எங்கேயும் போகவில்லை. எழுந்தால் போன் அடிக்கும் என்ற பயத்தில் எழுந்திருக்கவே இல்லை. அறுபத்தைந்து வயதில் ஆபீஸை மகன் பிரபாகரிடம் கொடுத்துவிட்டு, இனி நிம்மதியாக உட்காரலாம் என்று சேந்தமங்கலம் ரோட்டில் இருக்கும் வீட்டுக்கு வந்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு முதலாளி இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

முதலாளியின் பெயர் நல்லம்மாள். எனக்குக் கழுத்தை நீட்டியவர் என்று ஊரில் சொல்வார்கள். நீட்டியது யார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ரிட்டயர் ஆனவனும் காலி லாரியும் ஒன்று. சும்மா நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் பொறுக்காது, எதையாவது ஏற்றிவிடுவார்கள். பால் வாங்கும் லோடு, மாவு மில் லோடு, பேரன் இனியனையும் பேத்தி இலக்கியாவையும் பள்ளி வேனில் ஏற்றும் லோடு என்று என் காலைப்பொழுது முழுக்கப் புக் ஆனது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது, அதில் தென்னை வைக்க வேண்டும் என்று அவள் ஆரம்பித்தபோதுதான் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்க, குழி எடுக்க ஆளே சிக்க மாட்டேங்குது. அத்தனை பேரும் கோழிப்பண்ணைக்குப் போயிர்றாங்க. பொக்லைன் உள்ள வாரதுக்கு வழி இல்ல. நீங்க சும்மாதான இருக்கறீங்க?"

"நானா?"

"ரெண்டு நாளைக்கு ஒரு குழி எடுத்தாக்கூட ஆடிக்குள்ள முடிஞ்சிரும்."

அன்றைக்கு எடுத்ததுதான் அந்தச் சபதம்.

சபதத்தைக் காப்பாற்ற ஆண்டவன் பெங்களூரிலிருந்து ஆள் அனுப்பினான். கோடை விடுமுறைக்கு வந்த மகள் சித்ரா, காரின் டிக்கியிலிருந்து நீளமான பை ஒன்றை இறக்கினாள். அடியில் இரண்டு சக்கரம், உள்ளே பத்துப் பன்னிரண்டு மட்டைகள். மாப்பிள்ளை சிவபிரகாஷ் புது கோல்ஃப் செட் வாங்கிக்கொண்டாராம். பழையதை எங்கே போடுவது என்று யோசித்தபோது மாமனார் ஞாபகம் வந்திருக்கிறது.

இந்த ஆட்டத்தை நான் டிவியில் பார்த்திருக்கிறேன். வெள்ளை வெளேரென்று உடுத்திக்கொண்டு புல்லில் நடக்கிறார்கள். ஒரு அடி அடிக்கிறார்கள். மறுபடியும் வெகுதூரம் நடக்கிறார்கள். பையை வேறொருவன் தூக்குகிறான். இத்தனை குறைவாக வேலை செய்து, இத்தனை நேரம் வீட்டுக்கு வெளியே இருக்கும் வசதி வேறெந்த ஆட்டத்திலும் இல்லை. அதோடு, பின்னால் இருக்கும் அரை ஏக்கர் கோல்ஃப் மைதானம் ஆகிவிட்டால் அப்புறம் தென்னை ஏது, குழி ஏது? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

துணைக்கு இரண்டு பழைய சிநேகிதர்களைச் சேர்த்தேன். ஒருவன் காளியப்பன். ரிக் வண்டி வைத்து, ஆந்திரா முதல் ராஜஸ்தான் வரை போர்வெல் போட்டவன். இன்னொருவர் குமரகுரு. ரிட்டயர்டு சர்வேயர். சாப்பாட்டு இலையில் பொரியல் கோணலாக விழுந்தால்கூட நேராக்கிவிட்டுத்தான் கையை வைப்பார். இருவர் வீட்டிலும் என் வீட்டு நிலைமைதான். கோல்ஃப் என்றதும் என்ன ஏது என்று கேட்காமல் கிளம்பிவிட்டார்கள்.

மூவருமாக நல்லம்மாள் முன்னால் போய் நின்றோம். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். டாக்டர் என்னைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்றும், ரோட்டில் நடந்தால் லாரி மோதும், மைதானத்தில் நடந்தால் மோதாது என்றும், பெரிய பெரிய கம்பெனி முதலாளிகளெல்லாம் இந்த ஆட்டத்தால்தான் தொண்ணூறு வயது வரை இருக்கிறார்கள் என்றும் எடுத்துச் சொன்னேன். தொண்ணூறு என்றதும் அவள் முகம் கொஞ்சம் வாடியது போலிருந்தது.

"அப்பத் தென்னை?"

"தென்னைய எப்ப வேணா வெக்கலாம், அம்மிணி. ஒடம்பு போனா வருமா?"

கீரைக் காம்பை ஒரு பக்கம் போட்டாள். பின்னால் கிடந்த அரை ஏக்கர் காட்டை ஒரு பார்வை பார்த்தாள்.

"செரி, ஆடுங்க."

எனக்குத் தோற்றுப் பழக்கம் உண்டு. ஜெயித்துப் பழக்கமில்லை. பழகியிருந்தால் அங்கேயே சுதாரித்திருப்பேன்.

"அதுல என்னமோ குழி இருக்குமாமே?" என்றாள்.

"பதினெட்டு. தெனமும் பதினெட்டையும் சுத்தி வரோணும்."

"ஒரு குழி எத்தன அகலம் இருக்கும்?"

இங்கே எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்தவன் வாயில் தெரியாது என்ற சொல் வரவே கூடாது. வந்தால் பார்ட்டி அடுத்த ஆபீஸுக்குப் போய்விடும். லோடு எங்கே வருகிறது என்று கேட்டால், டிரைவர் எந்தத் தாபாவில் தூங்குகிறான் என்று நமக்கே தெரியாவிட்டாலும், "நாக்பூர் தாண்டியாச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட வேண்டும். வாழ்க்கை முழுக்க நான் சொன்ன கணக்குப்படி, நாக்பூரைத் தாண்டாத வண்டியே இந்தியாவில் கிடையாது.

குழியின் அகலம் எனக்குத் தெரியாது. டிவியில் குழி சரியாகத் தெரிவதில்லை.

"நீ எவ்வளவுன்னு நெனைக்கற?" என்று சமாளித்தேன்.

"மணல் கொட்டின பள்ளமெல்லாம் டிவியில காட்டுனாங்க. மூணடி இருக்குமா?"

"கரெக்ட். மூணுக்கு மூணு."

"ஆழம்?"

"அதுவும் மூணு. உலகம் பூரா அதுதான் ரூல்."

பக்கத்தில் அம்மாவின் செல்போனை நோண்டிக்கொண்டிருந்த இலக்கியா தலையைத் தூக்கினாள். "அப்பாரு, இதுல வேற மாதிரி போட்டிருக்குது, குழி வந்து டம்ளர் அளவு..."

"சாமி, நீ உள்ள வா, ஆத்தா முறுக்கு தாரேன்" என்று நல்லம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்விட்டாள். சிநேகிதர்கள் எதிரில் பேத்தி என் மானத்தை வாங்காமல் காப்பாற்றிவிட்டாளே என்று எனக்கு நெகிழ்ச்சியாகிவிட்டது. என்ன இருந்தாலும் கட்டியவள் கட்டியவள்தான்.

திரும்பி வந்தவள், குழிக்குக் குழி இருபத்தைந்து அடி இடைவெளி விட்டால் வயசானவர்கள் நடக்கத் தோதாக இருக்குமா என்று கேட்டாள். சரியாக இருபத்தைந்துதான் என்றேன். நாக்பூர் தாண்டியாச்சு.

மறுநாளே வேலை ஆரம்பமானது. குமரகுரு டேப்பும் கயிறுமாக வந்து மூன்று வரிசை, வரிசைக்கு ஆறு என்று சுண்ணாம்பில் புள்ளி வைத்தார். டிவியில் குழிகள் இப்படி வரிசையாக இல்லையே என்றேன். அவர்களுக்கு நல்ல சர்வேயர் கிடைத்திருக்க மாட்டார் என்றார்.

குழி எடுக்கும் பொறுப்பைக் காளியப்பன் ஏற்றுக்கொண்டான். "ஆயிரம் அடி போட்டவன்டா நான். மூணடி எனக்குக் காது குடையற மாதிரி" என்றான். அந்த ஆயிரம் அடியையும் போட்டது மெஷின் என்பது முதல் குழி முழங்கால் ஆழம் வந்தபோது தெரிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிழலில் சாய்ந்துவிட்டான். குமரகுரு குழியின் நான்கு மூலையும் செங்கோணமாக இல்லை என்று வருத்தப்பட்டாரே தவிர, உள்ளே இறங்கவில்லை.

மண்வெட்டி என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். சபதம் மண்வெட்டியைப் பற்றியது. இதுவோ கோல்ஃப் சாமான். எடுத்துக்கொண்டேன்.

வைகாசி போனது, ஆனியும் வந்தது. மூன்று கிழவர்களும் முறை வைத்துக்கொண்டு வெட்டினோம். நல்லம்மாள் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. பதினோரு மணிக்கு மோர், சாயங்காலம் பஜ்ஜி, ஞாயிற்றுக்கிழமை நல்லி எலும்பு சூப். கல்யாணமான புதிதில்கூட எனக்கு அந்த உபசாரம் நடந்ததில்லை. காளியப்பன் கண் கலங்கிவிட்டான். தன் மனைவி அத்தாயிக்கு இந்த மனசு இல்லையே என்றான்.

அவ்வப்போது சின்னச் சின்ன யோசனைகளும் சொல்வாள். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை ஒரு பக்கமும் கொட்டச் சொன்னாள். இரண்டும் கலந்தால் வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியாதாம். நியாயமாகப் பட்டது. தன் காசிலேயே மணல் இறக்கினாள். ஒவ்வொரு குழியிலும் இரண்டு கூடை மணலோடு கொஞ்சம் கல்லுப்பும் போடச் சொன்னாள். உப்பு எதற்கு என்று கேட்டேன். மழை பெய்தால் பந்து ஈரத்தில் ஒட்டாது என்றாள். அறிவியல்படி சரிதான் என்றார் குமரகுரு.

கடைசிக் குழியும் முடிந்த அன்று ஆசை தாங்காமல் ஒரு பந்து அடித்துப் பார்த்தோம். இந்த ஆட்டத்தில் ஒரு குழிக்கு இத்தனை அடிக்குள் பந்தைப் போட வேண்டும் என்று கணக்கு உண்டு, அதற்குப் பார் என்று பெயர் என்று குமரகுரு எங்கோ படித்துவிட்டு வந்திருந்தார். எங்கள் மைதானத்தில் பார் குழிக்கு ரெண்டு என்று வைத்துக்கொண்டோம். எருமையே விழக்கூடிய குழிக்கு அதுவே தாராளம். முதல் அடியிலேயே பந்து விழுந்தது. அதை எடுக்க இறங்கிய காளியப்பனை மேலே எடுக்க ஏணி வேண்டியிருந்தது.

ஆனாலும் எனக்கு மனம் நிறைந்திருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் பதினெட்டுக் குழியையும் பார்க்கும்போது கர்வமாகக்கூட இருந்தது. நாளைக் காலையிலிருந்து பால் இல்லை, மாவு மில் இல்லை, வேன் இல்லை. நானும் என் சிநேகிதர்களும் வெயில் ஏறும்வரை யார் கண்ணிலும் படாமல் நடப்போம். ஆனால் நல்லம்மாள் தடுத்தாள். இத்தனை பாடுபட்டு எடுத்த குழி, நல்ல நாள் பார்த்து ஆரம்பிக்க வேண்டாமா? ஆடிப் பதினெட்டு வரட்டும், அதுவரைக்கும் குழி வெயிலில் ஆறட்டும் என்றாள். பதினெட்டுக் குழிக்குப் பதினெட்டாம் பெருக்கு. பொருத்தம் அருமை என்று நானும் தலையாட்டினேன்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, மாப்பிள்ளையின் பழைய தொப்பியோடு நான் பின்வாசலில் இறங்கினேன். சிநேகிதர்கள் இருவரும் அதே கோலம். இனியன் கை தட்டினான்.

ரோட்டில் குட்டி யானை என்று சொல்லும் மினி லாரி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து அத்தாயியும் குமரகுருவின் வீட்டம்மாவும் இறங்கினார்கள். எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தொப்பியைச் சரிசெய்தேன். அவர்கள் எங்களைப் பார்க்கவே இல்லை. ஆளுக்கொரு தென்னம்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராகக் காட்டுக்குள் போனார்கள். இறக்கி வைத்துவிட்டு மறுபடியும் வண்டிக்கு வந்தார்கள். நல்லம்மாள் முதல் குழியின் ஓரத்தில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற நல்லம்மா?" என்று தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

"டிவியில குழிக்குக் குழி ஒரு கொடி நட்டிருக்காங்கல்ல. நான் இத நடறேன்."

"அந்த உப்பு?"

"மணலும் உப்பும் போட்டாத்தானுங்க தென்னம்பிள்ளைக்குக் கரையான் ஏறாது."

இலக்கியா என் பேண்ட்டைப் பிடித்து இழுத்தாள். "அப்பாரு, டம்ளர் அளவுதான்னு நான் அன்னைக்கே சொன்னேன். ஆத்தாதான் குழி வெட்டி முடியற வரைக்கும் சொல்லாதேன்னுச்சு."

காளியப்பன் என் பக்கம் திரும்பினான். "ஏன்டா பாலு, வண்டி நாக்பூர் தாண்டிருச்சா?"

வெயில் ஏறும்வரை நடக்கப்போன என் காலைப்பொழுதெல்லாம் வரிசையாகக் குழியில் இறங்கி, மேல்மண் போட்டு மூடப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப எங்க ஆட்டம்?" என்று கேட்டேன்.

"ஆட்டத்த ஆரு வேண்டாங்கறா? தெனமும் பதினெட்டுக் குழியும் சுத்தி வரோணும்னு நீங்கதான சொன்னீங்க. சுத்துங்க. வெறுங்கையாச் சுத்த வேண்டாம்னுதான் சொல்றேன்."

சொல்லிவிட்டுச் சுவரோரம் கையைக் காட்டினாள். அங்கே என் கோல்ஃப் பை சக்கரத்தோடு நின்றது. மேல்பாதியை அறுத்துவிட்டு உள்ளே ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கச்சிதமாக இறக்கியிருந்தாள். மட்டைகள் எங்கே என்று தேடினேன். புடலைப் பந்தலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. சொட்டுநீர்க் குழாய் போட்டுவிடலாமே என்று கடைசியாகக் கெஞ்சிப் பார்த்தேன். அப்புறம் டாக்டர் சொன்ன நடை என்னாவது என்றாள்.

இப்போது தினமும் வேனுக்குப் பிள்ளைகளை ஏற்றிவிட்டு வந்து பதினெட்டுக் குழியும் ஆடுகிறேன். பார் மட்டும் மாறவில்லை, குழிக்கு ரெண்டு குடம்.