மருமகளின் ஆராய்ச்சியை நான் கிள்ளியெடுத்த கதை

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் ஒரு கெம்பஸ் ஆராய்ச்சியைப் பத்தே நிமிஷத்தில் முடித்துவைத்திருக்கிறேன். படித்தவர்களுக்கு அதற்கு நாலைந்து வருஷம் ஆகுமாம்.

ஆராய்ச்சி என் மருமகள் சுகந்தியுடையது. சின்னப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானமும் சுற்றாடலும் எப்படிச் சொல்லிக்கொடுத்தால் மண்டையில் ஏறும் என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில், எங்கள் பேச்சில் கெம்பஸில், படிப்பித்துக்கொண்டே, பெரிய பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்தாள். மகன் ரவி கண்டியில் கிளார்க். நான் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் கொழுந்தெடுத்துவிட்டு, பென்ஷன் மாதிரி வந்து பிலிமத்தலாவையில் இவர்களோடு ஒட்டிக்கொண்டேன்.

என் கூச்சத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வீட்டுக்கு ஆள் வந்தால் நான் குசினிக்குள், அடுப்புப் பக்கம், போய்விடுவேன். (ஒருதடவை கரண்ட் பில் கொண்டுவந்தவர் தட்டித் தட்டிப் பார்த்து, ஆளில்லை என்று கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பில்லை வாங்கினவள் நான்தான்.) மருமகளிடமும் அதே கூச்சம்தான். அவ்வளவு படித்தவளிடம் என்ன பேசுவது? சோறு போடவா, தேத்தண்ணி ஊத்தவா, இந்த இரண்டு கேள்வியிலேயே ஆறு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

இப்படி வாயே திறக்காதவள், திறந்த ஒரே நாளில் கெடுத்தேன். சுகந்தி மேட்டுப்பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஏதோ செய்கிறாள், தினமும் செடியை அளக்கிறார்கள் என்று ரவி சொன்னான். நான் சும்மா இராமல், “புள்ளைங்க எல அளக்குறதுக்கா இவ்வளவு படிப்பு?” என்றேன். திரும்பிப் பார்த்தால் வாசல்படியில் சுகந்தி, கையில் வெறும் கோப்பையோடு. நேரே குசினிக்குப் போனாள். கோப்பையைக் கழுவினாள். கோப்பையில் இருந்த பூவே போய்விடும்போல, அவ்வளவு நேரம் கழுவினாள்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை, பதினாலு நாளும், “ம்” என்பதும் “சரி அத்தை” என்பதும்தான்.

அப்போதுதான் கெம்பஸிலிருந்து பெரிய மேடம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரும் நாள் வந்தது. சுகந்திக்கு மேலே இருந்து வழிநடத்துகிறவர் அவர். அவர் பார்த்துத் திருப்தி என்று சொன்னால்தான் அடுத்த வருஷமும் படிப்பு லீவு கிடைக்கும். சுகந்தி விடிய எழும்பி, கண்ணாடி முன்னால் நின்று தனக்குத் தானே பேசிப் பார்த்தாள். என் பங்குக்கு, பாவ மன்னிப்பு மாதிரி, மேடத்துக்கென்று நாற்பது கடலை வடை சுட்டு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். அவள் அவசரத்தில் அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஃபோன் வந்தது. அத்தை, அதைக் கொஞ்சம் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். இரண்டு கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் முழு வசனம். கல்யாணத்துக்குக் கட்டும் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பள்ளிக்கூட அதிபர் நல்ல மனுஷன். டப்பாவை வாங்கி வைத்துவிட்டு, சுகந்தி டீச்சர் வகுப்பில் இருக்கிறார், ஒபிஸில் உட்காருங்கள் என்று கதிரையை இழுத்துப் போட்டார். நான் நுனியில் உட்கார்ந்தேன். வெளியே வாகனம் வந்து நிற்கும் சத்தம். மேடம். இந்த அறைக்குத்தான் வரப்போகிறார். நான் எழும்பி, பின்கதவால், திருடி மாதிரி நழுவிவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வரிசை தேயிலை நின்றது. பழைய தோட்டத்தின் மிச்சம். மேடம் என்னைக் கண்டு ஏதாவது கேட்டுவிட்டால் என்ன சொல்வது, குட் மோர்னிங்கா, ஆயுபோவனா, வணக்கமா என்று மனசுக்குள் பாடம் பண்ணிக்கொண்டே அந்த வரிசையோடு நடந்தேன். கொழுந்துக் காம்புகளில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கம்பளி நூல் கட்டியிருந்தது. பிள்ளைகள் விளையாடியிருக்கும் என்று நினைத்தேன். (இல்லை, நினைக்கவே இல்லை. நினைப்பெல்லாம் குட் மோர்னிங்கில் இருந்தது.) வரிசையின் கடைசிக்கு வந்தபோது படபடப்பு அடங்கி, மனசு லேசாகி, பல வருஷமாக இல்லாத ஒரு சுகம். குனிந்து பார்த்தேன். சேலை மடி நிறையக் கொழுந்து.

அதைக் கொட்டுவதற்குள் மணி அடித்தது. இருபத்திநாலு பிள்ளைகள் கொப்பியும் அளக்கிற அடிமட்டமுமாக ஓடிவந்தார்கள். பின்னால் சுகந்தியும் மேடமும் அதிபரும். ஒவ்வொரு பிள்ளையும் அதனதன் நூலுக்கு முன்னால் போய் நின்றது. நூல் இருந்தது. நூலுக்கு மேலே ஒன்றும் இல்லை.

ஒரு பொடியன் அடிமட்டத்தை வெறும் காற்றில் பிடித்துக்கொண்டு, “டீச்சர், என்னோட கட்டையன காணோம்” என்றான். கொழுந்துகளுக்குப் பேர் வேறு வைத்திருந்தார்கள். ராணியைக் காணோம், புயலைக் காணோம், கடைசியில் இருபத்திநாலு பேரையும் காணோம். பதினொரு பள்ளிக்கூட நாள் அளந்து அளந்து வளர்த்தவை. சுகந்தியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

மாடு தின்றிருக்கும் என்றான் ஒருவன். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுக்கி, செடியின் மேல் மூக்கு முட்டக் குனிந்து பார்த்துவிட்டு, மாடு தின்றால் இலை கிழிந்திருக்கும், இது நகத்தால் கிள்ளியது என்றாள். இன்னொருத்தி வந்து, ரெண்டு இலையும் அரும்பும் மட்டும்தான் போயிருக்கிறது, முத்தின இலை அப்படியே இருக்கிறது என்றாள். அப்படியென்றால் கொழுந்தெடுக்கத் தெரிந்த ஆள். காம்பு இன்னும் ஈரமாக இருக்கிறது, அப்படியென்றால் இப்போதுதான் எடுத்திருக்கிறது. மேடம் சிங்களவர், நல்ல தமிழ் பேசுவார். “எப்படித் தெரியும்? எப்படித் தெரியும்?” என்று கேட்டுக் கேட்டுக் கிளறிவிட்டார். அவர் கேட்கக் கேட்க நான் ஒவ்வொரு அடியாகச் சுவரோடு பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

இரட்டைப் பின்னல் திரும்பிப் பார்த்தாள்.

“ஆச்சி, மடியில என்ன?”

மடியை அவிழ்த்தேன். வேறென்ன செய்வது? கட்டையன், ராணி, புயல் எல்லாரும் புல்லில் விழுந்தார்கள். சுகந்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. கோபமென்றால் தாங்கியிருப்பேன். இலை அளக்கவா இவ்வளவு படிப்பு என்று நான் அன்றைக்குக் கேட்ட கேள்வி அப்படியே அவள் கண்ணில் நின்றது. வேண்டுமென்றே செய்தேன் என்று நினைக்கிறாள்.

என் ஆயுசில் கூட்டத்துக்கு முன்னால் பேசியதில்லை. பேசினேன்.

“வேணும்னு செய்யல சுகந்தி. கை தானா போயிருச்சு.”

அவள் பதில் சொல்வதற்குள் கட்டையனைப் பறிகொடுத்த பொடியன் முந்திக்கொண்டான். “கை எப்பிடி ஆச்சி தானா போகும்?”

“அப்ப சோதிச்சுப் பார்ப்போம்” என்றார் மேடம். விளையாட்டுக்கில்லை, மெய்யாகவே.

வரிசைக்கு அப்பால், நூல் கட்டாத தேயிலை இரண்டு மூன்று தனியாக நின்றன. பிள்ளைகள் என்னைப் பிடித்து இழுத்துப் போய் ஒன்றின் முன்னால் நிறுத்தினார்கள். கையைப் பார்க்கக்கூடாது, முகத்தை நேரே வைத்துக்கொண்டு இன்றைக்கு வடை எப்படிச் சுட்டீர்கள் என்று சொல்லவேண்டும். கல்யாணச் சேலையோடு, அதிபர், மேடம், இருபத்திநாலு பிள்ளைகள் சூழ, மானத்தைக் காப்பாற்ற வடைக்குப் பக்குவம் சொன்னேன். பருப்பை ஊறப்போட்டேன். ஒன்றுமில்லை. தண்ணி வடித்தேன். ஒன்றுமில்லை. உப்பு அளவில் ஒரு சந்தேகம் வந்து யோசித்தேன். பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். என் வலது கையில் ஒரு கொழுந்து.

ஒருதடவை போதாதாம். மூன்று தடவை செய்தார்கள். இரண்டாவது தடவை வெங்காயத்திலேயே கிள்ளிவிட்டேன். மூன்றாவது தடவை இரண்டு கையும் போனது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார்கள். நான் குற்றமில்லாதவள் என்று இரட்டைப் பின்னல் தீர்ப்பைப் படித்தபோது, சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கடைசியில் முடியாமல் என் தோளில் சாய்ந்துகொண்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னைத் தொட்டதே அதுதான் முதல் தடவை. எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. ஆனால் நகரவும் இல்லை.

மேடம் வடையைக் கடித்துக்கொண்டு சுகந்தியிடம், அளவு போனால் போகட்டும், இந்தப் பிள்ளைகள் இன்றைக்கு யோசித்ததை எழுது என்றாராம். நூல்தான் அப்படியே இருந்ததே, பிள்ளைகள் மறுநாளே பூச்சியத்திலிருந்து மறுபடி அளக்கத் தொடங்கினார்கள். புதுக் கொழுந்து எப்போது வரும் என்று அவர்களுக்குள் பந்தயம். லீவும் கிடைத்தது, பட்டமும் கிடைத்தது. இப்போது சுகந்தி டொக்டர்.

அந்த ஆராய்ச்சியை இங்கிலீஷில் எழுதிய புத்தகம் வந்த அன்று ஒரு பக்கத்தைத் திறந்து எனக்கு வாசித்து, தமிழில் சொன்னாள். பன்னிரண்டாம் நாள் அளவுகள் ‘எதிர்பாராத ஒரு புறக்காரணியால்’ தடைப்பட்டன என்று எழுதியிருக்கிறதாம். அது யாரம்மா என்று கேட்டேன். “நீங்கதான் அத்தை” என்றாள். பேர் போட்டால் நான் வெட்கப்படுவேனாம்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அதுதான் பேர். பேராதனையிலிருந்து மத்தியானம் ஃபோன் எடுத்தால், “புறக்காரணி மருந்து குடிச்சிச்சா?” என்றுதான் கேட்பாள் டொக்டரம்மா. நானும், “குடிச்சிருச்சு, சாப்புட்டிருச்சு, இப்ப படுக்கப் போகுது” என்று யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு ஃபோனை வைக்கிறேன்.