லொட்டே ரகத் தக்காளி

டிரில்லிங் மெஷினைப் போர்வையில் சுற்றினால் சத்தம் குறையும் என்று டெட்லெஃபுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பயம் சொல்லித் தந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆளுக்கொரு துண்டு நிலம் வாடகைக்குக் கொடுக்கும் 'அந்திக்கதிர்' தோட்டச் சங்கத்தில் ஓய்வு நேரம். அப்போது கொஞ்சம் பலமாகத் தும்மினாலே வேலிக்கு மேல் நாலு தலை முளைக்கும். ஸ்க்ரூ முடுக்குவது கொலைக்குச் சமம். ஆனால் டெட்லெஃபுக்கு டிராம் வண்டியில் டிக்கெட் பரிசோதகர் வேலை; கையில் மிஞ்சுவது இந்த மதிய நேரம்தான். லைப்சிக் நகரத்தில் பாதிப்பேர் அவரைக் கண்டதும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார்கள். அந்தப் பாதிப்பேர் அவர் இப்போது போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பசுமைக்குடிலின் மரச்சட்டத்தில் பாலிகார்பனேட் ஷீட்டை இறுக்குவதைப் பார்த்திருந்தால், இறங்காமலே பயணம் செய்திருப்பார்கள்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி சில்கே. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு தேற்றிக்கொள்ள மலைப்பக்கம் ஒரு விடுதியில் இருந்தாள்.

"குடில் முடிஞ்சுதா?"

"கூரை ஏறிட்டிருக்கு."

"போன வாரமும் அதுதான் ஏறிட்டிருந்துது. எங்க ஏறுது, ஆல்ப்ஸ்லயா?"

"மெதுவாப் பேசு. ஓய்வு நேரம்."

"நான் இருக்கறது நூறு மைல் தள்ளி, டெட்லெஃப். கேட்டுக்கோ. ராத்திரில இன்னும் பனி கொட்டுது. ஹெர்மினேக்குச் சளி பிடிச்சுதுன்னா, அப்புறம் அந்தக் குடில்ல நீதான் குடியிருக்கணும்."

ஹெர்மினே என்பது ஆமை. சில்கே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நாளில், பிள்ளைகள் கையில் கொடுக்கிற பெரிய காகிதக் கூம்புக்குள், மிட்டாய்க்கு நடுவே அவள் அப்பா ஒளித்துவைத்தது. அப்பா போய்விட்டார். கூம்பு போய்விட்டது. முதல் கணவனும் போய்விட்டான். ஹெர்மினே இருந்தாள். இந்த வரிசையில் தனக்கு எந்த இடம் என்று டெட்லெஃபுக்குத் தெரியும்.

ஹெர்மினேக்குத் துணையாக வாங்கிய ஆன்டனும் ஆமைதான். இவ்வளவு காலம் இரண்டும் மாமியார் வீட்டுத் தோட்டத்தில் கோடையைக் கழித்தன. வீடு விற்றுப்போனது. நாலாம் மாடி ஃபிளாட்டில் பால்கனிகூடக் கிடையாது. மிச்சம் இருந்தது சங்கத்தில் கிடைத்த இந்தத் துண்டு நிலம். அதற்கு ஒரே ஒரு இடைஞ்சல். அதன் பெயர் குன்ஸ்.

சங்கத் தலைவர் குன்ஸ், அனுமதி கேட்கப் போனபோதே தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"பசுமைக்குடில்னா தக்காளி. மிஞ்சிப்போனா வெள்ளரிக்காய். மண்புழுவைத் தவிர உயிருள்ளது எது உள்ள இருந்தாலும் அதுவும் வெளிய, அதை வளக்கற ஆளும் வெளிய. அந்த விதியை எழுதினவனே நான்தான்."

"எனக்குத் தக்காளின்னா உயிர், தலைவரே," என்றார் டெட்லெஃப். அவருக்குத் தக்காளி ஆகாது, உடம்பெல்லாம் தடிக்கும்.

போன வருடம் ஒரு குடும்பம் ரகசியமாக முயல் வளர்த்தது. இன்று அவர்கள் சமையலறை ஜன்னலில் கொத்தமல்லி வளர்க்கிறார்கள்.

ஒருவழியாகக் குடில் எழும்பியது. செங்கல் வரம்பு, சாய்ந்த கூரை, வெயில் ஏறினால் தானே திறக்கும் ஜன்னல், மண் மேட்டுக்கு மேல் சூடேற்றும் விளக்கு. அன்று மாலையே ஆமைகளைக் கொண்டுவரத் தன் ஃபிளாட் கட்டடத்தின் பாதாள அறைக்கு இறங்கினார். குளிர்காலம் முழுவதும் அவை அங்கே, குளிர் ஒரே அளவில் இருக்கட்டும் என்று, ஃபிரிட்ஜில்தான் தூங்கும். மண்ணும் பீச் மரச் சருகும் நிரப்பிய ஆளுக்கொரு பெட்டி. ஃபிரிட்ஜில் பாதி, கீழ்வீட்டு ஓபிட்ஸுக்குச் சொந்தம்.

ஓபிட்ஸ் படியில் நின்றுகொண்டிருந்தார்.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. உங்க ஆமை கால் நீட்டித் தூங்குது, என் பீர் வெளிய நிக்குது. இது என்ன நியாயம்?"

"இன்னிக்குக் காலி பண்ணிடறேன், ஓபிட்ஸ்."

"உள்ள பல்ப் போயிடுச்சு. பாத்து எடு. நானும் என் சாமான் கொஞ்சம் அதுல அடுக்கியிருக்கேன்."

டெட்லெஃப் இருட்டில் தடவி இரண்டு பெட்டிகளை எடுத்தார். தூங்குகிறவளைக் கிளறக் கூடாது, தானாக எழ வேண்டும் என்பது சில்கேயின் கட்டளை. எனவே மூடியை மட்டும் கழற்றி, விளக்குக்கு அருகில் சாய்த்து வைத்தார்.

சில நாளில் ஆன்டன் எழுந்து, கொட்டாவி விட்டு, குடிலின் மூலையில் குழி தோண்டத் தொடங்கினான். ஹெர்மினே பெட்டியில் அசைவே இல்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் டெட்லெஃப் கையை விட்டுத் துழாவினார். மண். சருகு. நாலைந்து கிழங்கு; பசித்தால் கடிக்கட்டும் என்று சில்கே வைத்திருப்பாள்.

ஹெர்மினே இல்லை.

அவர் பார்வை மெல்ல மூலைக்குப் போனது. ஆன்டன் தோண்டிய குழி செங்கலுக்கு அடியில் புகுந்து அந்தப்பக்கம் வெளிச்சம் காட்டியது.

சங்கத்தின் வேலிகளுக்கு அடியில் அவர் வயிற்றால் நகர்ந்து தேடினார். மூன்றாவது வேலிக்கு அடியில் தலையை நீட்டியபோது எதிரே இன்னொரு தலை நீண்டிருந்தது. குன்ஸ்.

"என்ன தேடறீங்க?" என்றார் குன்ஸ்.

"ரசமட்டம், தலைவரே. குடில் வேலையில எங்கேயோ கைதவறிப் போச்சு."

"ஓகோ." குன்ஸ் எழுந்திருக்கவில்லை. "இந்தப் பக்கம் ஏதாவது ஊர்ந்து போனதைப் பாத்தீங்களா?"

டெட்லெஃப் தலையை வேலிக்கு அடியில் சற்று உள்ளிழுத்துக்கொண்டார். "ஊர்ந்தா?"

"நத்தையைச் சொல்றேன்."

"எவ்வளவு பெரிய நத்தை, தலைவரே?"

குன்ஸ் இரண்டு கையையும் தட்டு அளவுக்கு விரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை மடக்கி ஒரு விரலை மட்டும் காட்டினார்.

தெரிந்துவிட்டது, என்று நினைத்துக்கொண்டார் டெட்லெஃப். வலை விரித்துவிட்டான். டிக்கெட் இல்லாதவனிடம் முதலில் வானிலை பற்றிப் பேசுகிற உத்தி. அவரே கையாள்கிற உத்திதான்.

மறுநாள் காலை ஹெர்மினே கிடைத்தாள். கிடைத்த இடம்தான் வம்பு. குன்ஸின் சொந்தத் தோட்டம், சாமான் கொட்டகைக்குப் பின்னால், லெட்டூஸ் கீரைப் பாத்தி. நீதிபதி வீட்டு அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்திருந்தது சாட்சி.

டெட்லெஃப் சுற்றும்முற்றும் பார்த்தார். வேலிக்கு மேல் வாருகோலை நீட்டி, இலையோடு சேர்த்து ஆமையை இழுத்து, மழைக்கோட்டுக்குள் போட்டுக்கொண்டார். ஓட்டின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. வழியில் எங்கோ இடித்திருக்கிறாள், பாவம். ஆளும் சற்று மெலிந்த மாதிரி இருந்தது. டிக்கெட் இல்லாத முகத்தை டெட்லெஃப் பத்து வருடம் ஆனாலும் மறக்க மாட்டார். ஆமை முகத்தை அவர் அவ்வளவாக உற்றுப் பார்த்ததில்லை.

அன்று மாலையே குன்ஸ் அளவு நாடாவோடு வந்து நின்றார். "பசுமைக்குடில் பரிசோதனை."

டெட்லெஃப் ஆன்டன் மேல் பூந்தொட்டியைக் கவிழ்த்து மூடினார். பேருக்கு நட்ட தக்காளி நாற்றுகள் ஒரு சாண்தான் வளர்ந்திருந்தன. கடையில் வாங்கிய பழங்களை முன்யோசனையோடு நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ஹெர்மினேயை மறைக்கத்தான் நேரம் இல்லை.

"ஏப்ரல்லயே பழுத்துடுச்சா?" குன்ஸ் குனிந்தார்.

"விளக்குச் சூடு, தலைவரே."

"நூல் எதுக்கு?"

"பழம் கனம். செடி இளசு."

குன்ஸ் இன்னும் குனிந்தார். அப்போது சருகு விலகியது. ஹெர்மினே நிதானமாக நடந்து வந்து, குன்ஸின் செருப்பு மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, அண்ணாந்து பார்த்தாள்.

டெட்லெஃப் கண்ணை மூடிக்கொண்டார். இனி ஹெர்மினேக்கு வீடில்லை. ஹெர்மினே இல்லாத வீட்டில் தனக்கும் இடமில்லை.

கண்ணைத் திறந்தபோது குன்ஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"லொட்டே," என்று முணுமுணுத்தார்.

"என்ன தலைவரே?"

"ஒண்ணுமில்ல." காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நல்ல... தக்காளி. நான் வேற எதையும் பாக்கல. நீங்களும் எதையும் பாக்கல."

போய்விட்டார். அளவு நாடாவைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

டெட்லெஃபுக்கு அன்று தூக்கம் வரவில்லை. விட்டுவிட்டானா, விட்டுப் பிடிக்கிறானா? மனிதனை எப்படியாவது குளிர்விக்க வேண்டும். இந்த ரகத் தக்காளிக்கு லொட்டே என்று பெயர் போலிருக்கிறது. தலைவர் வாயால் சொன்னது. விடிந்ததும் ஒரு மரச்சீட்டில் பெரிய எழுத்தில் 'லொட்டே' என்று எழுதிக் குடிலுக்குள் நட்டார். அது ஹெர்மினே வழக்கமாகப் படுக்கிற இடத்துக்குத் தலைமாட்டில் அமைந்துபோனது.

குன்ஸ் வந்தார். சீட்டைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

"சுத்தி வளைக்க வேண்டாம்," என்றார். "உங்களுக்கு என்ன வேணும்?"

தூக்கில் போடுமுன் இப்படித்தான் கேட்பார்கள் என்று டெட்லெஃப் கேள்விப்பட்டிருந்தார். "குழாய்ல தண்ணி ஒழுகுது, தலைவரே," என்றார், வேறு எதுவும் தோன்றாமல்.

அன்றே குழாய் சரியானது. குன்ஸே வந்து சரிசெய்தார். அதுவும் ஓய்வு நேரத்தில், சுத்தியலால் அடித்து. வேலிகளுக்கு மேல் வரிசையாகத் தலைகள் முளைத்தன. "என் அனுமதியோடதான் நடக்குது," என்று குன்ஸ் அந்தத் தலைகளைப் பார்த்துச் சொன்னார்; சொன்னவர் கையிலேயே சுத்தியல் இருந்தது.

டெட்லெஃபின் பயம் இரட்டிப்பானது. வெட்டப்போகிற ஆட்டுக்குத்தான் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள்.

தெளித்துக்கொண்டே இருந்தார் குன்ஸ். வேலியை இஷ்டத்துக்கு உயர்த்திக்கொள்ளலாம் என்றார். இந்த வருடத்துச் சிறந்த தோட்டம் யாருடையது என்று கேட்டு, அவரே பதிலும் சொன்னார். தினமும் சாயங்காலம் தக்காளி பார்க்க வந்தார். கோட்டுப் பையில், புல்தரையில் முளைக்கிற மஞ்சள் பூ.

"இது எதுக்கு, தலைவரே?"

"தக்காளிக்கு உரம். கீழ போடுங்க. நறுக்கிப் போடணும், தண்டு தொண்டையில மாட்டிக்கும்."

"தக்காளிக்கா?"

"தக்காளிக்குத்தான்." வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். "ராத்திரி நல்லாத் தூங்குதா?"

"விளக்கை அணைச்சதும் தூங்கிடுது, தலைவரே."

குன்ஸ் மூக்கை உறிஞ்சினார். "எப்போ... அதாவது, நீங்க மனசு வச்சா..." என்று தொடங்கி, சீட்டைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார்.

டெட்லெஃப் இளைத்துப்போனார். டிராமில் டிக்கெட் கேட்கும்போது குரல் எழும்பவில்லை. ஜனங்கள் அவருக்கு உட்கார இடம் கொடுத்தார்கள்.

சில்கே சொல்லாமல் ஒரு நாள் முன்கூட்டியே வந்துவிட்டாள். டாக்ஸியை அனுப்பிவிட்டு, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நேராகத் தோட்டத்துக்கே வந்தாள். குடிலுக்குள் ஒரு வாளியில் கணவன், இன்னொரு வாளியில் குன்ஸ். குன்ஸ் கையில் நறுக்கிய மஞ்சள் பூ.

தலைவர் இருக்கிறார் என்று கண்ணால் சொன்னார் டெட்லெஃப். சில்கே காட்டிக்கொள்ளவில்லை.

"குடில் பரவால்ல," என்றாள். "கதவுதான் கோணல்." மெல்லக் குனிந்தாள். ஓட்டைப் பார்த்தாள். பெயர்ந்த சில்லைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். அவளுடைய கண் சுருங்கியது.

"டெட்லெஃப். இது யாரு?"

"தக்காளி," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"என் ஹெர்மினே எங்க?"

டெட்லெஃப் அந்த ஆமையையே விரலால் காட்டினார். குன்ஸ் வாளியிலிருந்து பாதி எழுந்து, உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், டெட்லெஃபை விழித்துப் பார்த்தார்.

அந்த நேரத்தில் வாசல் படலைத் தள்ளிக்கொண்டு ஓபிட்ஸ் மூச்சிரைக்க வந்தார்.

"டெட்லெஃப், நீ அன்னிக்கு இருட்டுல தூக்கிட்டு வந்தது என் டேலியாக் கிழங்குப் பெட்டிப்பா, உங்க ஹெர்மினே இன்னும் என் பீருக்கு அடியிலதான் தூங்கிட்டிருக்கா."