ரோமாபுரியில் காய்ந்த லுங்கி

உச்சிப்புளி,
திங்கட்கிழமை காலை.

அன்புக்குரிய மாப்பிள்ளை தர்மராஜ் அவர்களுக்கு,

மாமன் கூத்தையா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் கோழிகளும் சுகம். என் மானம் மட்டும் நேற்றிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. போனில் சொன்னால் 'சிக்னல் இல்ல மாமா' என்று வைத்துவிடுவீர்கள், ஆகவே தபால். வீட்டு மாப்பிள்ளையைக் கடிந்து பேசுவது முறையில்லை. நான் கடியவில்லை, நடந்ததை எடுத்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முப்பத்து நான்கு வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு ரோமாபுரி நடத்தியவன் நான். கொலோசியம் என்று சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடும். அந்த அரங்கில் ஐம்பதாயிரம் பேர் தலைக்கு மேல் பாய்த்துணி விரித்து நிழல் கட்டியவர்கள் கப்பல் மாலுமிகள் என்று சொல்லிப் பாருங்கள், வலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காரும். மேல் சுவரில் கம்பம் நட்ட துளைகள் இன்றும் இருக்கின்றன என்று போர்டில் வரைந்தும் காட்டுவேன். அந்த ஊருக்கே நீங்கள் வேலைக்குப் போனதும் எனக்கு வந்த பெருமையைக் கேட்க வேண்டுமா? நூலக வாசகர் வட்டத்தில் எழுந்து நின்று, "ஞாயிற்றுக்கிழமை என் மாப்பிள்ளை கொலோசியத்துக்குள்ளே நின்று வீடியோவில் அந்தத் துளைகளைக் காட்டுவார்" என்று அறிவித்துவிட்டேன். உங்களிடமும் மூன்று முறை சொன்னேன், நீங்களும் மூன்று முறை 'சரி மாமா' என்றீர்கள்.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். கல்யாண மண்டபத்து நாற்காலி, சுவரில் வெள்ளை வேட்டி, அதில் படம் விழ ஒரு மெஷின். என் பழைய மாணவி ரம்ஜான் பீவி அழகன்குளத்திலிருந்து பேரப்பிள்ளையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, "சார், நீங்க வரைஞ்ச துளை நெசமாவே இருக்கான்னு பாக்கணும்" என்றாள். வேட்டியில் நீங்கள் தோன்றினீர்கள். பின்னால் கொலோசியம் இல்லை. உங்கள் வீட்டுப் பால்கனி. கொடியில் உங்கள் நீலக்கட்டம் போட்ட லுங்கி ஆடிக்கொண்டிருந்தது!

"கூத்தையா, பாய்த்துணி தெரியுதுய்யா, மாலுமியைத்தான் காணோம்" என்றார் கணக்கு வாத்தியார் ராமசுப்பிரமணியன். மனுஷன் இதுக்குன்னே முப்பது வருஷமா காத்துக்கிட்டு இருந்தாரு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "மாப்பிள்ளை, கொலோசியம் எங்கன?"ன்னு கேட்டா, நீங்க சிரிச்சுக்கிட்டே, "உள்ள போனதில்ல மாமா, ஒரே கூட்டம். பஸ்ல போறப்ப பாத்திருக்கேன்"ங்கிறீங்க. பஸ்ல! ரெண்டு வருஷமா ரோமாபுரில குடியிருந்துக்கிட்டு பஸ்ல பாத்தாராம்! உங்க கல்யாணம் நடந்தது ஜூலை ஒன்பது. அந்த ஜூலைக்குப் பேர் குடுத்த மகராசன் ஊர்ல உக்காந்துக்கிட்டு லுங்கி காயப்போடுறீங்களே, நியாயமா? நம்ம கடல் முத்து அந்த ஊர்ச் சீமாட்டிங்க காதுல ஆடுச்சு. அவங்க ஊர் ஜாடி இங்கன அழகன்குளத்து மண்ணுல கிடக்கு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால கப்பலேறி அவன் இங்கன வந்தான், உங்களால ஒரு நிறுத்தத்துல இறங்க முடியலையா? ரம்ஜான் பீவி கிளம்பும்போது, "விடுங்க சார், துளை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன"ன்னு சொல்லிட்டுப் போனா. அந்த ஒரு வார்த்தையில என் முப்பத்து நாலு வருஷமும் போச்சு.

ஆகவே இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் நேரில் போய், துளைகளைப் படம் எடுத்து அனுப்பக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பதைப் பார்க்காதவனுக்குத் தூரத்தில் இருப்பது எப்படிப் புரியும்? மகள் வீரலட்சுமிக்கு என் ஆசீர்வாதம். தங்களுக்கும் ஆசீர்வாதம் உண்டு, படம் வந்ததும்.

இப்படிக்கு,
கூத்தையா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வீரலட்சுமியின் செய்தி வந்தது. உங்கள் வீட்டு ஓனரம்மாவும் ஓய்வுபெற்ற டீச்சராமே. அவங்க நாட்டு ஜாடி கிடைத்த அழகன்குளத்தைப் பார்க்க அடுத்த வாரம் வாராங்களாம். 'மாமாவுக்கு அந்த இடம் அத்துப்படி, கூடவே வந்து காட்டுவாரு' என்று நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டீர்களாம். மாப்பிள்ளை, அது இங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். ஒவ்வொரு வருஷமும் போகணும் போகணும் என்று இருந்ததில் நான் அங்கே போனதே இல்லை. வழியில் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது. ரம்ஜான் பீவிக்குப் போன் போட்டேன். "சனிக்கிழமை வாங்க சார், கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் போனை வைத்துவிட்டாள். படத்துக்கு அவசரமில்லை, கூட்டம் குறைந்ததும் போய்க்கொள்ளலாம். ராமசுப்பிரமணியன் போன் செய்தால், சிக்னல் இல்லை என்று சொல்லிவிடவும்.